குதிரை வண்டியை இனங்கண்டு, அதன் பெயரைக் காரில் தேடுவது எப்படி?

அருங்காட்சியகத்திலோ பழைய ஓவியத்திலோ குதிரை வண்டியைப் பார்க்கும்போது, அதன் அலங்காரத்தில் மனம் செல்வதற்கு முன் சக்கரங்களை எண்ணிவிடுங்கள். இரண்டு சக்கரம், ஒற்றைக் குதிரை, மடக்குக் கூரை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், அது 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய கேப்ரியோலே வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓடும்போது துள்ளும் வண்டி என்பதால், துள்ளலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. லண்டனில் வாடகைக்கு ஓடத் தொடங்கிய பின் அப்பெயர் 'கேப்' எனச் சுருங்கியது. கட்டணம் காட்டும் டாக்ஸிமீட்டர் வந்து சேர்ந்ததும் டாக்ஸி கேப் பிறந்தது. கூரையை மடக்கக்கூடிய கார்களை இன்றும் கேப்ரியோலே என்றே அழைக்கிறார்கள்.

நான்கு சக்கரங்கள் இருந்தால், கடிவாளம் பிடிப்பவர் எங்கே அமர்வார் என்று கவனியுங்கள். வண்டிக்காரருக்கெனத் தனி இருக்கை இல்லாமல், உரிமையாளரே ஓட்டும்படி முன்புறம் திறந்திருக்கும் இலகுவான வண்டி பெரும்பாலும் ஃபேட்டன்தான். சூரியனின் தேரை அடக்க முடியாமல் அழிந்த கிரேக்கப் புராண இளைஞனின் பெயர் அது. பெரிய சக்கரங்களின் மேல் உயரத்தில் இருக்கை அமைந்த ஃபேட்டன்கள் வேகத்துக்கும் கவிழும் அபாயத்துக்கும் பேர்போனவை என்பதால், இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்காது என்றே கருதுகிறேன். தொடக்ககாலத்தில் பக்கக் கண்ணாடி இல்லாத திறந்த கார்கள் இப்பெயரைப் பெற்றன. ஆனால் 2002இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டனோ முழுவதும் மூடிய சொகுசு கார். ஆகவே, பெயரை மட்டும் நம்பி வடிவத்தை முடிவுசெய்யாதீர்கள்.

முன்னும் பின்னுமிருந்து எழும் இரு கூரைகள் நடுவில் சந்தித்தால் அது லாண்டோ. ஜெர்மனியிலுள்ள ஓர் ஊரின் பெயர். அதன் கூரையைத் தாங்கிய வளைந்த இரும்புத் தண்டு, அமெரிக்கச் சவ ஊர்திகளின் பக்கவாட்டில் வெறும் அலங்காரமாக இன்றும் தொடர்கிறது.

கடைசியாக, ஓட்டுபவரின் காலுக்கு முன் நிமிர்ந்து நிற்கும் தோல் அல்லது மரத்தட்டைத் தேடிப் பாருங்கள். குதிரைக் குளம்புகள் வாரியடிக்கும் சேற்றைத் தடுப்பதே அதன் வேலை. அதற்குப் பெயர் டேஷ்போர்டு. குதிரை இருந்த இடத்துக்கு எஞ்சின் வந்தபோதும் அந்தத் தட்டு போகவில்லை. வேகமானியும் பிற அளவுமானிகளும் அதன்மேல் ஏறிக்கொண்டன.