முதல் ஏஆர்-15: முழுசாக வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதா?

போன வாரம் பச்சை அட்டை (கிரீன் கார்டு) கைக்கு வந்த தம்பி ஒருவன் போனில் கேட்டான்: "அண்ணா, ஏஆர்-15 முழுசா வாங்கட்டுமா, இல்ல பாகமா வாங்கி நானே பூட்டட்டுமா?" ஏஆர்-15 என்பது ட்ரிக்கரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். ஓஹையோவில் பன்னிரண்டு வருஷமாக சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ ரைஃபிள் மாதிரியில் உள்ள துப்பாக்கி) போட்டிகளில் சுடுகிறேன். இரண்டையும் செய்து பார்த்தவன். முதல் துப்பாக்கியை வாங்கு, இரண்டாவதைப் பூட்டு என்றேன்.

அதற்கு முன்னால் ஒன்று. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டத்தில் தடை உண்டு. மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்காதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள். ரேஞ்சில் (சுடுதளத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே சட்டம்தான். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய கவலை.

பாகமாக வாங்கினால் சட்டம் கண்டுகொள்ளாது என்று சிலர் நினைக்கிறார்கள். தப்பு. ஏஆர்-15-இல் சட்டப்படி துப்பாக்கி என்பது லோயர் ரிசீவர்தான், அதாவது ட்ரிக்கர் உட்காரும் கீழ்ப்பாதிக் கூடு. வரிசை எண் அதில்தான் இருக்கும். உரிமம் பெற்ற கடையில் படிவம் 4473 எழுதி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகே அது கைக்கு வரும். முழு ரைஃபிளைக் கடைக்காரர் 18 வயதானவருக்கு விற்கலாம், வெறும் லோயருக்கு 21 ஆக வேண்டும். பேரல் (குழல்) 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விற்பதற்காகப் பூட்டுவதென்றால் அதற்குத் தனி உரிமம். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் வாங்குவதற்கே கடுமையான தடைகள் உண்டு. பூட்டினாலும் அவை விடாது.

இனி என் கதை. முதல் துப்பாக்கியையே நான் பூட்டினேன். பேரல் மலிவாகக் கிடைத்தது, ட்விஸ்ட் 1:9. அதாவது குண்டு ஒன்பது அங்குலம் போவதற்குள் ஒரு சுற்று சுழலும். 200, 300 கஜத்தில் 69 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டோடு ஒரு குறையும் இல்லை. 600 கஜத்தில் காற்றைத் தாங்க எல்லோரும் சுடுவது போல 80 கிரெய்னுக்கு, அதாவது கனமும் நீளமும் கூடிய குண்டுக்கு, மாறினேன். பாதிக் குண்டுகள் இலக்கு அட்டையிலேயே படவில்லை. இலக்குக்கு அடியிலுள்ள குழியில் நின்று அட்டையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த நண்பர் மாலையில் அட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை நீளவாக்கில் கிழிந்து, குண்டின் பக்கவாட்டு உருவம் அப்படியே பதிந்திருந்தது. நீளமான குண்டு நிமிர்ந்து பறக்க வேகமாகச் சுழல வேண்டும். 1:9-க்கு அது முடியவில்லை. குண்டு குப்புற விழுந்து உருண்டபடி பறந்திருக்கிறது. 1:8 அல்லது 1:7 வாங்கியிருக்க வேண்டும். ஆனால் எதைச் சுடப்போகிறேன் என்றே தெரியாத நாளில் வாங்கிய பேரல் அது.

அதே துப்பாக்கியில் இன்னொரு தொல்லை. கேஸ் பிளாக்கின் (பேரலிலிருந்து வாயுவைப் பின்னால் திருப்பும் பாகம்) துளை பேரலின் துளையோடு மயிரிழை விலகியிருந்தது. வெடித்த வாயு போதுமான அளவு பின்னால் வரவில்லை. தோட்டாவை ஏற்றி, காலிக் குப்பியை வெளியே தள்ளும் போல்ட் பாதி தூரமே நகரும். காலிக் குப்பி சோர்ந்து காலடியில் விழும், அடுத்த தோட்டா ஏறாது. ரேபிட் ஃபயர் (வேகமாகச் சுடும்) சுற்றில் 60 வினாடியில் பத்துத் தோட்டா, நடுவில் மேகசினும் மாற்ற வேண்டும். நான் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். ஆறு தோட்டாவோடு நேரம் முடிந்தது. கழற்றிப் பார்க்கும்வரை காரணம் தெரியவில்லை. பாகம் விற்ற மூன்று பேரில் யாரைக் கேட்பது? முழுசாக வாங்கியிருந்தால் ஒரே கம்பெனி, ஒரே வாரண்டி, பெட்டியில் போட்டு அனுப்பியிருப்பேன்.

காசு விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். பாகங்களில் எனக்கு 150 டாலர் மிச்சமானது. டார்க் ரெஞ்ச், வைஸ் பிளாக் போன்ற பூட்டும் கருவிகள், ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட் மூடியபின் தோட்டா உட்காரும் இடத்தின் நீளம் சரியா என்று பார்க்கும் அளவி) எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டிவிட்டது. விற்கப் போனாலும், பேர் தெரிந்த கம்பெனி ரைஃபிளுக்கு இருக்கும் மதிப்பு வீட்டில் பூட்டியதற்குக் கிடைக்காது.

வாங்கும்போது, எந்தத் தோட்டா போடலாம் என்று பேரலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 5.56 நேட்டோ என்றிருந்தால் .223 ரெமிங்டனும் சுடலாம். .223 மட்டும் என்றிருந்தால் 5.56 போடாதீர்கள், அழுத்தம் எகிறும். 300 பிளாக்அவுட் என்ற, குண்டு பருமனான வேறு வகைத் தோட்டாவை 5.56 துப்பாக்கிக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். மேகசினில் ஒத்துப்போகும், சில சமயம் உள்ளேயும் ஏறும், சுட்டால் துப்பாக்கி வெடித்துவிடும். போல்ட்டைத் தாங்கி நகரும் போல்ட் கேரியரின் மேலுள்ள, வாயுவை உள்வாங்கும் கேஸ் கீயின் இரண்டு திருகுகளையும் பாருங்கள். சுற்றியுள்ள உலோகம் திருகின்மேல் நன்றாக அமுக்கப்பட்டிருக்க வேண்டும். மேலோட்டமாக ஒரு கீறல் மட்டும் இருந்தால் நாளைக்குத் தளரும்.

நடுவழியும் ஒன்று உண்டு. தொழிற்சாலையிலேயே பூட்டி, சுட்டுச் சோதித்த முழு அப்பரையும் (பேரலும் போல்ட்டும் உள்ள மேல்பாதி), முழு லோயரையும் தனித்தனியாக வாங்கி இரண்டு பின்களால் சேர்ப்பது. பேரல், ஹெட்ஸ்பேஸ் போன்ற உயிர்நாடியான வேலைகள் தெரிந்தவர் கையில் முடிந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

முழுக்க நீங்களே பூட்டுவது எப்போது? ஆயிரம் தோட்டாவாவது சுட்டு, ஒவ்வொரு நாளையும் நோட்டில் எழுதிய பிறகு. அப்போதுதான் உங்கள் குறை ட்ரிக்கரா, பேரலா, பிடிமானமா என்று தெரியும். என் இரண்டாவது துப்பாக்கிக்கு 20 அங்குலப் பேரல், 1:8, போட்டி விதி கேட்கும், இழுக்க நாலரைப் பவுண்டு விசை வேண்டிய ட்ரிக்கர் என்று நோட்டைப் பார்த்தே எழுதினேன். ஹெட்ஸ்பேஸை அனுபவமுள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) ஒருவர் அளந்து சரி என்ற பிறகே முதல் தோட்டாவை ஏற்றினேன். 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெர்ரியில், ஈரி ஏரிக் காற்றில், அதே 80 கிரெய்ன் 600 கஜத்தில் வட்ட ஓட்டைகளாக விழுந்தது.

தம்பி இன்னும் எதையும் வாங்கவில்லை. பூட்டுள்ள பெட்டி மட்டும் வாங்கிவிட்டான், வீட்டில் நாலு வயசுப் பிள்ளை இருக்கிறது. சனிக்கிழமை ரேஞ்சுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் துப்பாக்கி இரண்டையும் 200 கஜத்தில் இருபது இருபது தோட்டா சுட்டுப் பார்க்கட்டும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு அவன் கொண்டுவர வேண்டும், தோட்டா என் பொறுப்பு.