நக்கலுக்கு முன் கணக்கு: சினிமாவையும் அரசியலையும் இடதுசாரிப் பார்வையில் பகடி செய்வது எப்படி

அரசியல்வாதியையோ நட்சத்திரத்தையோ கிண்டல் செய்வது எளிது. ஒரு வாரம் கழித்துப் படித்தாலும் சுருக்கென்று தைக்கும்படி எழுதுவதுதான் பாடு. இடதுசாரிப் பகடி என்ற பெயரில் வருவனவற்றில் பாதிக்கு மேல் தலைவரின் தொப்பையையும் நடிகரின் பொய்முடியையும் தாண்டுவதில்லை. தொப்பையில் வர்க்க அரசியல் ஏதும் கிடையாது. அது எல்லாக் கட்சியினருக்கும் உண்டு. எனவே எழுத உட்காரும்போது, இதற்குக் காசு போட்டவர் யார், லாபம் யாருக்குப் போயிற்று, வேலை செய்தவருக்கு என்ன மிஞ்சியது என்ற மூன்று கேள்விகளை முதலில் கேளுங்கள். விடைகள் கைக்கு வந்தபின் சிரிப்பைத் தேடி அலையவேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

தேடலைத் தொடங்க நல்ல இடம், படம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது திரையில் ஓடும் பெயர்ப்பட்டியல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எடுத்த படங்கள் பலவற்றில் இறுதியில் ஒரு பீச் பழச் சின்னம் தோன்றும். தகுதியுள்ள தயாரிப்புச் செலவில் 20 சதவீதத்தை அம்மாநிலம் வரிச் சலுகையாகத் தருகிறது; அந்தச் சின்னத்தைப் போட்டால் மேலும் 10 சதவீதம் கிடைக்கும். அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை, தனிமனிதன்தான் உலகைக் காப்பான் என்று இரண்டரை மணி நேரம் முழங்கிய படம், கடைசியில் அரசுச் சலுகைக்காகப் பழத்தைக் காட்டி விடைபெறுவதைப் பார்த்தீர்களானால் உங்கள் முதல் பத்தி தயார். போர் விமானங்கள் பறக்கும் படமென்றால் நன்றி தெரிவிக்கும் வரிகளையும் விடாமல் படியுங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விமானமும் கப்பலும் வேண்டுமென்றால் திரைக்கதையை முன்கூட்டியே அத்துறையிடம் காட்டவேண்டும். அது கேட்கும் மாற்றங்களுக்கு உடன்படாதவர்களுக்கு விமானம் கிடைக்காது. 1986-இல் வெளிவந்த ‘டாப் கன்’ அந்நாட்டுக் கடற்படையின் ஒத்துழைப்போடுதான் எடுக்கப்பட்டது. அத்துறை இதைத் தணிக்கை என்று அழைப்பதில்லை என்பதையும் உங்கள் கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தகவல் எப்படி நக்கலாக மாறுகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். கடனில் மூழ்கிய 456 பேர் பரிசுப் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்துச் சிறுவர் விளையாட்டுகளை ஆடும் ‘ஸ்க்விட் கேம்’ என்ற கொரியத் தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2021 செப்டம்பரில் வெளியிட்டது. அதற்கு ஆன செலவு சுமார் 2 கோடியே 14 லட்சம் டாலர் என்றும், நிறுவனத்துக்கு அதனால் விளைந்த மதிப்பு ஏறத்தாழ 90 கோடி டாலர் என்றும் நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் காட்டிச் செய்தி வந்தது. அதே சமயம், இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹ்யுக், ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேல் தமக்கு எதுவும் வரவில்லை என்று பேட்டியில் சொன்னார். ஓர் ஆண்டு முடிவதற்குள் அதே நிறுவனம், அதே விளையாட்டுகளை நிஜமாகவே ஆட 456 பேர் தேவை என்று அறிவித்தது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு “நெட்ஃபிளிக்ஸ் ஒரு பேராசை பிடித்த முதலாளித்துவ அரக்கன்” என்று எழுதினால் சரக்கெல்லாம் வீண். மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: “கடனாளிகளைப் பந்தயக் குதிரைகளாக்கி வேடிக்கை பார்ப்பது கொடூரம் என்று உலகுக்கு உணர்த்திய நிறுவனம், பாடம் சரியாகப் புரிந்ததா என்று சோதிக்க 456 பேருக்கு விண்ணப்பப் படிவம் அனுப்பியது; இம்முறை தோற்றவர்கள்மீது தெறித்தது இரத்தமல்ல, மை.” இந்த வாக்கியத்தில் திட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. மை உண்மையான தகவல். போட்டியிலிருந்து நீக்கப்பட்டவர்களின் சட்டைக்குள் இருந்த மைப்பொதிதான் வெடித்தது. இத்தகைய சின்னச் சின்ன விவரங்களை நோட்டில் குறித்து வையுங்கள். கோபத்தில் நாம் கற்பனை செய்வதைவிட அவை பல மடங்கு குரூரமானவை.

அரசியலிலும் இதே முறைதான்: இரண்டு உண்மைகளை அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். ரொனால்ட் ரீகன் 1960-இல் ஹாலிவுட் நடிகர் சங்கத்தின் தலைவராக வேலைநிறுத்தத்தை நடத்தினார். 1981-இல் அமெரிக்க அதிபராக, வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000-க்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டு நீக்கினார். இதன்கீழ் “என்னே முரண்!” என்று நீங்கள் எழுதினால், வாசகருக்குக் கிடைக்கவேண்டிய சிரிப்பை நீங்களே தின்றுவிட்டீர்கள் என்று பொருள். ஆச்சரியக்குறிகளையும் சிரிக்கும் பொம்மைகளையும் நீக்கிவிடுங்கள். எழுத்தின் முகம் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அடி யார்மீது விழுகிறது என்பதையும் கவனியுங்கள். மசாலாப் படத்துக்கு விசிலடிக்கும் ரசிகரைக் கேலி செய்துவிட்டு அதை இடதுசாரி விமர்சனம் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சிறிதும் ஒப்பாத காரியம். டிக்கெட்டின் விலையைத் தீர்மானித்தவர் அவர் அல்லர். ஆனால் நம்மவர்களை விட்டுவைக்கவும் கூடாது. 2011-இல் நியூயார்க்கின் நிதிச் சந்தைப் பகுதியான வால் ஸ்ட்ரீட்டை முற்றுகையிட்டவர்களில் பலர் அணிந்த, ‘வி ஃபார் வெண்டெட்டா’ படத்தில் வரும் கை ஃபாக்ஸ் முகமூடியின் உரிமை டைம் வார்னர் என்ற பெரும் ஊடக நிறுவனத்திடம் இருந்தது. உரிமம் பெற்ற முகமூடி ஒவ்வொன்று விற்றபோதும் அந்த நிறுவனத்துக்கு ஒரு பங்கு போயிற்று. இதை எதிர்த்தரப்பு சொல்லிச் சிரிப்பதற்குள் நாமே சொல்லிவிடுவது நமக்கும் நல்லது, கட்டுரைக்கும் நல்லது.

கலைச்சொற்களைப் பொறுத்தவரை ஒரு கட்டுரைக்கு ஒன்று போதும். “பண்பாட்டு மேலாதிக்கம்” (ஆளும் வர்க்கத்தின் கருத்துகளே எல்லோருக்கும் இயல்பானவையாகத் தோன்றும் நிலை) என்று எழுதியே தீரவேண்டுமென்றால், அடுத்த வரியிலேயே அது திரையில் எந்தக் காட்சியில் தெரிகிறது என்று காட்டுங்கள். காட்ட இயலாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அந்தக் கருத்தை விரித்த இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷி சிறையிலிருந்து எழுதியவர், தணிக்கையின் கண்ணில் படாமலிருக்க அவர் சுற்றி வளைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

செய்தி வெளியான முதல் சில மணி நேரம் காத்திருங்கள், ஏனெனில் அப்போது பரவும் காணொளித் துண்டுகளும் மேற்கோள்களும் பல முறை வெட்டி ஒட்டப்பட்டவை. ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகப் பகடியாக எழுதும்போது, அது கற்பனை என்பது யாருக்கும் விளங்கும் அளவுக்கு மிகைப்படுத்துங்கள்; பாதி நம்பும்படியான கற்பனை மேற்கோள் வதந்தியாகத் திரியும், அவதூறு வழக்காகவும் வந்து சேரலாம். ஆதாரப் பக்கங்களின் படங்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள், அவை காணாமல் போவது வழக்கம். வெளியிட்டபின் ரசிகர் படை திரண்டு வந்தால் வசவுகளுக்குப் பதில் எழுதவேண்டாம். தகவல் பிழையைச் சுட்டிய ஒருவர் அக்கூட்டத்தில் இருந்தால் அவருக்கு மட்டும் நன்றி சொல்லி, என்ன திருத்தினீர்கள் என்பதைக் கட்டுரையின் மேற்பகுதியிலேயே தேதியிட்டுக் குறிப்பிடுங்கள்.