வெயில் நாட்டில் ஒயின் திராட்சை: இனிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிமீட்டர் மழைதான். மர்ரே ஆறு இல்லையென்றால் இங்கே கொடி என்ற பேச்சே கிடையாது. சிவப்புத் திராட்சையின் விலை விழுந்தபின் சிறு தோட்டங்கள் கைமாறுகின்றன. வாங்குகிறவர்கள் பலருக்குத் தாங்களே ஒயின் செய்து பார்க்கும் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் பழைய ஆட்கள் விழுந்து எழுந்த அதே குழிகளைத் தேடிப் போய் விழுகிறார்கள். வலை கட்ட மறப்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பறவைகளே முதல் வருடம் சொல்லிக்கொடுத்துவிடும்.

பினோ நுவார் நடுவது

வேண்டாம், அது குளிர்நாட்டுத் திராட்சை ரகம். வெயில் தாங்க ஃபியானோ, வெர்மென்டினோ, நீரோ டாவோலா இருக்கின்றன.

மேற்குப் பக்க இலையைக் கிள்ளுவது

கொத்தில் வெயில் பட வேண்டும் என்பது குளிர்நாட்டுப் பாடம். இங்கே பிற்பகல் வெயில் நேராக விழும் பழம், சுற்றியுள்ள காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் சூடாகி வெந்துபோகும். கிள்ளியே ஆக வேண்டுமென்றால் கிழக்குப் பக்கம், அதுவும் லேசாக.

இனிப்பை மட்டும் பார்த்துப் பறிப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கையில் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அதில் ஒரு சொட்டுச் சாறு, “இன்னும் கொஞ்சம் ஏறட்டும்” என்று ஒரு காத்திருப்பு. இந்த வெயிலில் சர்க்கரை ஏறுவது ஒரு சாதனையா? அது சும்மாவே ஏறும். கைவிட்டுப் போவது புளிப்பு.

பழம் நிறம் மாறத் தொடங்கியபின் தன்னிடமுள்ள மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் செலவழிக்கிறது. சூடு கூடினால் செலவும் கூடும். டார்டாரிக் அமிலம் அப்படிக் கரைந்துவிடாது. ஆனால் பழத்துக்குள் சேரும் பொட்டாசியம் அதன் புளிப்பை மட்டுப்படுத்திவிடும். மணல் நிலத்து நூற்புழுவுக்குப் பயந்து ராம்சே வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கொடி என்றால் பொட்டாசியம் இன்னும் அதிகம். ஆக, இனிப்போடு சேர்ந்து பி.எச். அளவும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். பி.எச். ஏறினால் புளிப்பு இறங்குகிறது என்று அர்த்தம்.

புதிதாகத் தோட்டம் வாங்கிய ஒருவரின் ஷிராஸ் என்ற சிவப்புத் திராட்சை 13 பாமே (சர்க்கரை அளவு) காட்டியது. “விதை இன்னும் பழுப்பாகவில்லை” என்று நிறுத்திவைத்தார். நடுவில் ஒரு வெப்ப அலை. பறித்தபோது 15.5 பாமே, பி.எச். 4. சொல்லிப் பார்த்தேன், “சல்பர் போட்டுச் சமாளித்துவிடலாம்” என்றார்.

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பி.எச். 3.5 இருந்தால், கிருமிகளை அடக்க லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் கட்டுறாத (ஒயினில் வேறெதோடும் ஒட்டாமல் தனித்திருக்கும்) சல்பர் டை ஆக்சைடு போதும். அதே வேலைக்கு பி.எச். 4-இல் சுமார் 125 வேண்டும். இனிப்பில்லாத ஒயினில் கட்டுண்டதும் கட்டுறாததும் சேர்த்து, சட்டம் அனுமதிப்பதே 250 மில்லிகிராம்தான். அவர் ஒயினில் ஈஸ்ட் பாதியில் நின்று சர்க்கரை மிச்சமானது. குளிர்காலத்துக்குள் பீப்பாயைத் திறந்தால் குதிரைக் கொட்டகை வாடை. அத்தனையும் சாக்கடைக்குப் போனது.

சரி, என்ன செய்வது? பி.எச். மீட்டர் ஒன்று வாங்குங்கள். பி.எச். 4, 7 கரைசல்களில் சரிபார்த்தபின் அளந்து பாருங்கள். நாக்கையும் நம்புங்கள். ஷிராஸ் என்றால் பி.எச். 3.6-ஐத் தாண்டுவதற்குள், விடியற்காலையில் பறித்துவிடுங்கள். புளிப்பு போதாவிட்டால் டார்டாரிக் அமிலத்தை நொதிக்கும் முன்பே சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 1 கிராம், பி.எச்.-ஐ ஏறத்தாழ 0.1 இறக்கும். பாட்டிலில் அடைக்கும் நேரத்தில் சேர்த்தால் அந்தப் புளிப்பு ஒயினோடு ஒட்டாமல், மேலே எலுமிச்சை பிழிந்த மாதிரித் தனியாக நிற்கும்.

விக்டோரியாவிலிருந்து குச்சி கொண்டுவருவது

பக்கத்து விக்டோரியாவில் இருக்கும் ஃபிலாக்சரா, கொடியின் வேரைத் தின்னும் பூச்சி, தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்னும் வரவில்லை. அனுமதியில்லாமல் ஒரு குச்சிகூட எடுத்துவரக் கூடாது.

தினமும் கொஞ்சம் தண்ணீர்

அரைமணி நேரச் சொட்டுநீர் மேல்மண்ணை மட்டும் நனைக்கும். வேரும் அங்கேயே சுருண்டுகொள்ளும். ஆற்று நீரில் வரும் உப்போ ஈரவட்டத்தின் ஓரத்தில் சேர்ந்துகொண்டே போகும். இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுங்கள். வெப்ப அலை வரப்போகிறது என்றால் அதற்கு முன்பே பாய்ச்சிவிடுங்கள். அப்புறம், கோடையில் தூறல் விழுந்ததும் பம்பை நிறுத்தாதீர்கள். அந்தத் தூறல் ஓரத்து உப்பைக் கரைத்து வேரடிக்கே கொண்டுவரும். அதைத் தள்ளிவிட அப்போதுதான் சொட்டுநீர் ஓட வேண்டும், கரண்ட் பில்லை நினைத்து மனசு கேட்காவிட்டாலும்.