வயசானவங்களுக்கு சொரியாசிஸ் லைட் தெரபி: போறதுக்கு முன்னாடி

முதல்ல மாத்திரை லிஸ்ட்ட எடுங்க. பிரஷருக்கு குடுக்குற ஹைட்ரோகுளோரோதயசைடு, இதயத்துடிப்புக்கு அமியோடரோன், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக், இதெல்லாம் தோலை வெளிச்சத்துக்கு கூச வைக்கும், அதனால டாக்டர் கேக்கட்டும்னு இருக்காம நீங்களே எல்லாத்தையும் காட்டிருங்க, ஆனா நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. முன்னாடி தோல் கேன்சர் வந்திருந்தா அதையும் கட்டாயம் சொல்லணும்.

இப்ப அதிகமா குடுக்குறது நேரோபேண்ட் யுவிபி, அதாவது 311 நானோமீட்டர் பக்கம் வர்ற புற ஊதா வெளிச்சம். வாரத்துக்கு 2-3 தடவை, மொத்தம் 20-30 தடவை ஆகும். ஆரம்பத்துல சில செகண்ட்தான், "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்"னு தோணும், பரவால்ல, போகப்போக கூட்டுவாங்க.

லைட் பொருத்தின, ஆள் நிக்கிற அளவு பெட்டிக்குள்ள நின்னுட்டே இருக்கணும், இதுதான் வயசானவங்களுக்கு பெரிய விஷயம், தலைசுத்தல் முட்டிவலி இருந்தா முன்னாடியே சொல்லுங்க, பிடிச்சுக்க கம்பி இருக்கான்னு பாருங்க. கண்ணுக்கு அவங்க குடுக்குற கண்ணாடி கட்டாயம், ஆம்பளைங்க பிறப்புறுப்ப மூடிக்கணும். சாலிசிலிக் ஆசிட் களிம்பு தடவிட்டு போகாதீங்க, வெளிச்சத்த அது தடுத்துரும்.

அன்னைக்கு ராத்திரி லேசா சிவந்தா சரி. மறுநாள் தாண்டியும் எரிச்சலோ கொப்புளமோ இருந்தா அடுத்த தடவை பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. நடுவுல ஒரு வாரம் ரெண்டு வாரம் விட்டுட்டா பழைய அளவுலயே ஆரம்பிக்கக் கூடாது, குறைச்சுதான் வைக்கணும், அதனால விட்ட நாளை மறைக்காதீங்க.

வீட்டுல மாய்ஸ்சரைசர் தாராளமா தடவுங்க, வயசான தோல் சீக்கிரம் வறண்டு அரிக்கும்.