பெரிய டிவியா, புரொஜெக்டரா? முதலில் உங்கள் ஹோலைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பின்னேரம் நான்கு மணிக்கு, லைட் எதுவும் போடாமல், வழக்கமாகப் படம் பார்க்கிற செற்றியில் இருந்துகொண்டு எதிர்ச் சுவரைப் பாருங்கள். அந்த நேரத்தில் சுவர் என்ன நிறத்தில் தெரிகிறதோ, புரொஜெக்டர் வாங்கினால் உங்களுக்குக் கிடைக்கப்போகிற கறுப்பு அதுதான். புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் சுவரில் போட முடியும், இருட்டைப் போட முடியாது. கதாநாயகனின் தலைமுடி, இரவுக் காட்சி, கறுப்புச் சேலை எல்லாமே சுவரின் நிறத்துக்குத்தான் வந்து நிற்கும்.

எது வாங்கலாம் என்று கேட்கிற பலர் விலையில் தொடங்குகிறார்கள், இந்தக் காசுக்கு, மூலைக்கு மூலை அளந்தால், எத்தனை அங்குலம் வரும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். கொழும்பில் அது பிழையான தொடக்கம் என்பது என் கருத்து. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் கடலைப் பார்த்த ஹோல் என்றால் அது மேற்கைப் பார்த்த ஹோல், மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை வெயில் நேராக உள்ளே விழும். காற்று வேண்டுமென்று யன்னலையும் பல்கனிக் கதவையும் திறந்துவைக்கிற வீடுகள் நம்முடையவை. கனத்த திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டால் படம் நன்றாக இருக்கும், ஆனால் ஏசி இல்லாத ஹோலில் மூடிக்கொண்டு மூன்று மணித்தியாலம் இருந்து ஒரு மட்ச் பார்க்க யாரால் முடியும்?

கணக்கைப் பார்த்தால் இன்னும் விளங்கும். சினிமாத் தியேட்டரில் திரையின் வெள்ளை சுமார் 48 நிட்ஸ் (திரை எவ்வளவு ஒளிர்கிறது என்பதன் அளவு) இருந்தால் போதும் என்பதுதான் நியமம், ஏனென்றால் அங்கே முழு இருட்டு. வீட்டில் 100 அங்குலப் படத்துக்கு அந்த அளவு வெளிச்சம் வேண்டுமென்றால் உண்மையான 500 ஆன்சி லூமென் (புரொஜெக்டர் வெளிவிடுகிற வெளிச்சத்தை நியம முறையில் அளந்த எண்) புரொஜெக்டரே தாராளம். இதையே பகலுக்குக் கொண்டுவாருங்கள். 2000 ஆன்சி லூமென் உள்ள நல்ல புரொஜெக்டர் அதே 100 அங்குலத்தில் 230 நிட்ஸ் அளவுக்குத் தரும். ஆனால் யன்னல் திறந்த ஹோலில் சுவர்மேல் விழுகிற வெளிச்சம் 200 லக்ஸ் இருந்தால் வெள்ளைச் சுவரே 60 நிட்ஸ் அளவுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கும், ஆகவே படத்தின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஐந்துக்கு ஒன்று என்று கூட வராது. டிவியின் திரை கறுப்பு, தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பாது. அதனால்தான் அதே ஹோலில், அதே நேரத்தில், டிவியில் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

எனவே அடுத்த கேள்வி, வீட்டில் யார் எப்போது பார்க்கிறார்கள் என்பது. காலையில் செய்தி, மத்தியானம் அம்மாவுக்கு சீரியல், பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளுக்கு கார்ட்டூன், பின்னேரம் 3.30க்கு ஐபிஎல், பிறகு 7.30க்கு இன்னொன்று என்று நாள் முழுக்க ஓடுகிற வீட்டுக்கு டிவிதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரொஜெக்டர் யாருக்கு என்றால், இருட்டாக்கக்கூடிய ஒரு தனி அறை இருக்கிறவர்களுக்கு, அல்லது இரவு எட்டு மணிக்குப் பிறகு மட்டும் ஆற அமர இருந்து படம் பார்க்கிறவர்களுக்கு. அப்படியான அறையில் 120 அங்குலத்தில், அதாவது கிட்டத்தட்ட எட்டே முக்கால் அடி அகலத்தில், ஒரு படத்தைப் பார்க்கிற சுகத்தை எந்த டிவியும் தராது. அதையும் மனதாரச் சொல்கிறேன்.

அளவுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அங்குலத்தைப் பத்தால் வகுத்தால் வருவது குறைந்தபட்சத் தூரம், அடியில். ஏழரையால் வகுத்தால் வருவது வசதியான தூரம். 75 அங்குலத்துக்கு ஏழரை அடி முதல் பத்து அடி வரை, 85க்கு எட்டரை முதல் பதினொன்றரை வரை, 100க்குப் பத்து முதல் பதின்மூன்று வரை. உங்கள் ஹோலில் செற்றிக்கும் சுவருக்கும் இடையில் ஒன்பது அடிதான் என்றால் 75 போதும், 85ம் சமாளிக்கும், அதற்கு மேல் போவது கழுத்துக்கு நல்லதில்லை. இன்னொன்று, சனல் பெட்டி வழியாக வருகிற பழைய தரத்துச் சனல்கள் பெரிய திரையில் மங்கலாகத்தான் தெரியும். 4கே என்கிற மிகத் தெளிவான படம் இணையத்தில் பார்ப்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கிற வேகம் 15 எம்பிபிஎஸ். உங்கள் இணைப்பு இரவில் அதைத் தருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அங்குலத்தைக் கூட்டுங்கள்.

சரி, டிவிதான் என்று முடிவெடுத்தால், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு லிப்டுக்குப் போங்கள். 85 அங்குல டிவி ஆறடிக்கு மேல் அகலம், அது வருகிற பெட்டி கிட்டத்தட்ட ஏழு அடி நீளம், நாலடிக்கு மேல் உயரம். அதைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது, பெரிய பேனல் தன் பாரத்திலேயே வளைந்து வெடிக்கலாம். பழைய தொடர்மாடிகளின் சின்ன லிப்டில் அது நிற்காது, ஆகவே படிதான். படியில் சிக்கல் வருவது திரும்புகிற இடத்தில், கைப்பிடிக் கம்பிக்கும் சுவர் மூலைக்கும் நடுவில். முன்னால் பிடித்தவர் மேலே ஏறிவிட்டார், பின்னால் உள்ளவர் இன்னும் கீழே, பெட்டியின் மூலை கூரையில் முட்டுகிறது, அந்த நேரம் யோசித்துப் பயனில்லை. திரும்புகிற இடத்தின் அகலம், கூரையின் உயரம், வீட்டு வாசல் மூன்றையும் எழுதிக்கொண்டு போய், பெட்டியின் அளவைக் கடையில் கேட்டு ஒப்பிடுங்கள். 98 அங்குலம் எடுக்கிறவர்கள் இதைச் செய்யாமல் முற்பணம் கட்டவே கூடாது. வாடகை வீடு என்றால் சுவரில் துளைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். செங்கல் சுவர் தாங்கும், புதிய கட்டடங்களில் உள்ள பலகைத் தடுப்புச் சுவரில் நாற்பது கிலோவுக்கு மேல் தொங்கவிட நினைக்காதீர்கள்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற ஓலெட் டிவித் திரை இரவில் மிக அழகு. ஆனால் ஒரே செய்திச் சனல் நாள் முழுக்க ஓடுகிற வீட்டில் மூலையில் உள்ள சின்னமும் கீழே ஓடுகிற வரிப்பட்டையும் காலப்போக்கில் தழும்பாகப் பதியக்கூடும், அப்படியான வீட்டுக்கு, திரைக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் உள்ள மினி எல்இடி வகையே பாதுகாப்பு.

இனி புரொஜெக்டர் பக்கம். முதலாவது, லூமென் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். புறக்கோட்டையிலும் இணையக் கடைகளிலும் 9000 லூமென் என்று போட்டு மலிவாக விற்கிற சின்னப் பெட்டிகள் பலவற்றில் அளந்து பார்த்தால் சில நூறு ஆன்சி லூமென்தான் இருக்கும். ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ என்ற அளவு நியமத்தின் பெயர் இல்லாத எண் எனக்கு ஒரு எண்ணே இல்லை. அதே போல '1080பி ஆதரவு' என்றால் 1080பி படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம், சுவரில் அடிப்பது தெளிவு குறைந்த 720பி ஆகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கலாம். அதன் சொந்தத் தெளிவு எவ்வளவு என்று வாயைத் திறந்து கேளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் உரிமம் உள்ளதா என்றும் கேளுங்கள், பல மலிவு மொடல்களில் அது ஒழுங்காக ஓடாது, இணையப் படம் ஓட்டுகிற ஒரு ஸ்டிக்கைத் தனியாக வாங்கிச் செருக வேண்டிவரும்.

வைக்கிற இடம் அடுத்தது. சாதாரண வகைக்கு, எறிவு விகிதம் (படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்பது) 1.2 என்றால், 100 அங்குலப் படத்துக்குச் சுவரிலிருந்து ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவாகத் தூரம் வேண்டும், பெரும்பாலும் கூரையிலோ தலைக்குப் பின்னாலோதான் அது வரும். சாய்வாக வைத்துவிட்டு மென்பொருளால் படத்தின் கோணலை நேராக்கலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் தெளிவு குறையும், நேராக வைப்பதுதான் சரி. கூரைக்கு இழுக்கிற எச்டிஎம்ஐ வயர் முப்பது அடியைத் தாண்டும் என்றால் சாதாரண வயரில் 4கே வராமல் போகலாம், ஃபைபர் வகையை வாங்கிக் குழாய்க்குள் விடுங்கள், சீமெந்தால் மூடிவிடாதீர்கள்.

சுவருக்குக் கீழேயே, இரண்டடிக்குள் வைக்கிற மிகக் கிட்டத்து வகையும் இருக்கிறது. தரையில் வயர் கிடக்காது, குறுக்கே யார் நடந்தாலும் நிழல் விழாது. ஆனால் அதற்குச் சுவர் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். இரவில் லைட்டை அணைத்து, போனின் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேல்நோக்கி அடித்துப் பாருங்கள். மேசன் கரண்டி இழுத்த ஒவ்வொரு அலையும், பழைய ஆணித் துளையை மூடிய ஒவ்வொரு மேடும் எழும்பித் தெரியும், படத்திலும் அது அப்படியே தெரியும். இந்த வகைக்கென்றே செய்த, மேலிருந்து வருகிற வெளிச்சத்தை ஒதுக்குகிற விறைப்பான திரை தனியாக விற்கிறார்கள், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் டிவி விலையோடு ஒப்பிட வேண்டும். வீட்டில் தவழுகிற குழந்தை இருந்தால் லேசர் வகையைத் தரை மட்டத்தில் வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், குனிந்து நேராக லென்ஸைப் பார்த்துவிடும்.

கொழும்புக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். புரொஜெக்டர் விசிறியால் காற்றை உள்ளே இழுக்கிற சாமான், கடற்கரை வீதிப் பக்கம் இருக்கிறவர்கள் தூசு வடிகட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் பெட்டிக்குள் மூடிவைத்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், வாரத்துக்கு ஒருதரமாவது கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பல்ப் வகை என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் பெரிய கேடு. விசிறி நின்று சூடு உள்ளேயே தங்கிவிடும், ஒரு யூபிஎஸ் கட்டாயம். பல்புக்கு ஆயுள் சில ஆயிரம் மணித்தியாலம், லேசருக்கு 20,000 என்று சொல்வார்கள், வித்தியாசம் பெரியது என்பதால் புதிதாக எடுத்தால் லேசர் அல்லது எல்இடிதான் எடுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமழை வரும்போது டிவியோ புரொஜெக்டரோ எதுவானாலும் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

மின்கட்டணம் இரண்டுக்கும் பெரிதாக வித்தியாசப்படாது. 250 வாட் சாமான் தினமும் ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 37 அலகுக்கு மேல் வரும். படிமுறைக் கட்டணம் என்பதால் அது உங்களை அடுத்த படிக்குத் தள்ளுகிறதா என்று போன மாத பில்லை எடுத்துப் பாருங்கள்.

சத்தத்துக்கு எப்படியும் ஒரு சவுண்ட்பார் தேவைப்படும், டிவியானால் ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வயரில் வெளியே அனுப்புகிற வசதி) வழியாக ஒரு வயரில் முடியும். புரொஜெக்டர் கூரையில் இருந்தால் சனல் பெட்டி எங்கே, ஸ்பீக்கர் எங்கே என்று முதலே படம் வரைந்துகொள்ளுங்கள். புளூடூத்தில் விட்டால் வாய் அசைந்த பிறகு பேச்சு கேட்கலாம்.

கடையில் பார்க்கும்போது ஷோரூம் நிறத்தில் ஓடுகிற மலைகளையும் மீன்களையும் பார்த்து மயங்காதீர்கள். சாதாரண பட நிலைக்கு மாற்றச் சொல்லி, ஒரு செய்திச் சனலும் ஒரு இரவுக் காட்சியும் போடச் சொல்லுங்கள். டுபாயிலிருந்து கையில் வந்தது மலிவாக இருக்கும், ஆனால் பேனல் போனால் அதன் விலை புது டிவியை நெருங்கும், ஆகவே இங்கே திருத்தித் தருகிற முகவர் யார், உத்தரவாதம் பேனலையும் சேர்த்தா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். கொண்டுவந்து இறக்கியதும், தூக்கி வந்தவர்கள் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து, கரண்ட் கொடுத்து, முழு வெள்ளைப் படம் ஒன்று போட்டு நான்கு மூலையையும் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைக்க வேண்டும். பெட்டியையும் ரெஜிபோமையும் ஒரு மாதத்துக்காவது கட்டிலுக்குப் பின்னால் வைத்திருங்கள், மாற்ற வேண்டி வந்தால் அது இல்லாமல் பாதுகாப்பாகத் திருப்பி அனுப்ப முடியாது.