கீரை வண்டிக்கு ஒரு குளிர்பானை: ஏழைகளுக்காகப் பொருள் வடிவமைக்கத் தொடங்குவோருக்கு

என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து ஒரு கோடையை வீணாக்கினேன்.

படி 1: ஒரு நாள் முழுக்க உடனிருங்கள்

கேள்வித்தாள் வேண்டாம். திருவல்லிக்கேணியில் கீரை விற்கும் அம்மா ஒருவரின் தள்ளுவண்டியருகே உட்கார்ந்திருந்தேன். ஈரச் சாக்கை விலக்கி அடிக்கடி தண்ணீர் தெளித்தார். மர நிழல் நகர நகர வண்டியையும் நகர்த்தினார். பதினொரு மணிக்கு முளைக்கீரை துவண்டது, விலை பாதியானது. மிஞ்சியது மாட்டுக்குப் போனது. நான் சாக்கை மட்டும் குறித்துக்கொண்டேன்.

படி 2: நட்டத்தை எண்ணுங்கள்

ஒரு வாரம் வீணான கட்டுகளை எண்ணுங்கள். நாளுக்கு 40 ரூபாய் நட்டம், அதில் பாதியைத் தடுக்கலாம் என்றால், 400 ரூபாய்ப் பொருள் இருபது நாளில் முதலை மீட்கும். மாலைதோறும் தண்டல் கடன் கட்டுகிறவரிடம் இரண்டு ஆண்டு லாபக் கணக்கைக் காட்டாதீர்கள்.

படி 3: முன்பே இருப்பதைத் தேடுங்கள்

நைஜீரியாவின் வடபகுதியில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் காய்கறி வாடாமலிருக்கப் பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பினார். மணலின் நீர் ஆவியாகும்போது உள்பானை குளிரும். குயவர் குடும்பத்துக்காரர். அதில் கத்தரிக்காய் 27 நாள் தாங்கியது. வெளியே வைத்தால் மூன்றே நாள். இதற்காக அவருக்கு 2000இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

செய்வது எளிது. பெரிய மண்பானையின் அடியில் மணல் பரப்பிச் சிறிய பானையை வையுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளியில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்துவிடுங்கள். ஈரத்துணியால் மூடுங்கள். அழகுக்காகப் பெயின்ட் அடித்தால் துளைகள் அடைபட்டு நீர் ஆவியாகாது, பானையும் குளிராது.

படி 4: அவருடைய இடத்திலேயே சோதியுங்கள்

இங்கேதான் சறுக்கினேன். நைஜீரியாவின் வடபகுதிக் காற்று உலர்ந்தது, நீர் சட்டென ஆவியாகும். கடற்கரையோரக் காற்றோ ஈரம் நிறைந்தது. மணல் நாள் முழுக்க நனைந்தே கிடந்தது, உள்ளே குளிர்ச்சி பேருக்குத்தான். ஈர மணலோடு பானையை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

படி 5: விலை சொல்லுங்கள்

இலவசமாகக் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கீரை அம்மாவிடம் விலை சொன்னேன். "தம்பி, இது வேண்டாம். மரத்தடியில் நிற்கவிடாமல் விரட்டுகிறார்கள், நிழலுக்கு ஏதாவது செய்து கொடு" என்றார்.

தார்ப்பாயில் மடக்குத் தட்டி ஒன்று கட்டினோம். 150 ரூபாயைத் தவணையில் கொடுத்தார். முதல் மழையில் மூலை கிழிந்தது. தெருமுனைத் தையல்காரரிடம் இரட்டைத் தையல் போடக் கொடுத்திருக்கிறேன்.