கனடாவில் முதலாம் ஆண்டு: புதிதாகக் குடியேறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் ஆண்டில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம், முன்னே வந்த உறவினரும் ஊரவரும் நல்லெண்ணத்தோடு சொன்ன ஆலோசனைதான். அவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் வந்த ஆண்டு வேறு, வந்திறங்கிய மாகாணம் வேறு, பெற்றிருந்த வதிவிடத் தகுதியும் வேறு. ஒன்ராறியோவில் அரச மருத்துவக் காப்புறுதிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் பலர் சொல்லக் கேட்கலாம். அந்தக் காத்திருப்பு 2020 மார்ச்சிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதை அறியாதவர்கள் விண்ணப்பிக்காமலே மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். மறுபுறம், ஒன்ராறியோவில் உள்ள மாமன் "வந்தவுடனே கார்டு கிடைக்கும்" என்று சொன்னதை நம்பி வன்கூவரில் இறங்கும் மருமகன், பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் எஞ்சிய நாட்களோடு அதற்கடுத்த இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும் என்பதை, மருத்துவமனைக் கட்டணச்சீட்டைப் பார்த்த பிறகே தெரிந்துகொள்கிறார். மருத்துவம், வாடகை, வாகன உரிமம் ஆகியவை மாகாணத்தின் பொறுப்பில் உள்ளவை என்பதால், யோசனை சொல்பவர் எந்த மாகாணத்தில் வாழ்கிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் தவறு விமான நிலையத்திலேயே நேர்ந்துவிடுகிறது. குடியேறுவோர் தம்முடன் கொண்டுவரும் பொருட்களுக்கும் பின்னர் வரவிருக்கும் பொருட்களுக்குமான பட்டியலை எல்லைச் சேவை அதிகாரியிடம் முதல் வருகையின்போதே கொடுக்க வேண்டும். கையில் இரண்டு பெட்டிகள்தானே இருக்கின்றன என்று பட்டியல் கொடுக்காமல் வந்துவிடுபவர்கள், ஓராண்டு கழித்துத் தாயார் கொண்டுவரும் தாலிக்கொடிக்கும் காப்புகளுக்கும் தீர்வை கேட்கப்படும்போது திகைத்துப்போகிறார்கள். நகைகளைப் பொறுத்தவரை "தங்கச் சங்கிலி ஒன்று" என்று எழுதினால் போதாது. எடையும் வேலைப்பாடும் குறிக்கப்பட்ட நகைக்கடை மதிப்பீட்டையும், ஒவ்வொரு நகையின் ஒளிப்படத்தையும் இணைத்துக்கொள்ள வேண்டும். வருவதற்கு முன்பே சொந்தமாக இருந்து பயன்படுத்திய பொருட்களுக்கே இந்தச் சலுகை உண்டு. பத்தாயிரம் டொலரோ அதற்கு மேலோ பணமாகக் கொண்டுவருபவர்கள் அதையும் அறிவிக்க வேண்டும். கொண்டுவருவதற்குத் தடையில்லை, அறிவிக்காமல் விட்டால்தான் சிக்கல்.

வாடகை வீடு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவரின் கையிருப்பு கரைவது பெரும்பாலும் அங்கேதான். ஒன்ராறியோவில் வீட்டு உரிமையாளர் முற்பணமாகக் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகைக்கு மேற்படாத தொகையை மட்டுமே. அதுவும் கடைசி மாத வாடகைக்கே கழிக்கப்பட வேண்டும். சுவர் பழுதானால் பிடித்துக்கொள்வதற்கு என்று தனியாக வைப்புப் பணம் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. திகதியிட்ட காசோலைகளை முன்கூட்டியே தரும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருந்தும், கடன் வரலாறு இல்லை என்ற காரணத்தைக் காட்டி ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பவர்களும், "இங்கே இதுதான் வழமை" என்ற நண்பரின் சொல்லை நம்பிக் கொடுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். மாகாணத்தின் பொது வாடகை ஒப்பந்தப் படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, கையெழுத்திடுவதற்கு முன் முழுவதும் வாசிக்க வேண்டும்.

நம்மவர் பலர் முதலில் குடியேறுவது தெரிந்தவர் வீட்டுப் பேஸ்மென்ட்டில். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டு உரிமையாளரோடோ அவருடைய மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோர் ஆகியோரில் ஒருவரோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டு அதே வீட்டில் வாழ்பவருக்கு, 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு பொருந்தாது. அதாவது, 60 நாள் முன்னறிவித்தல், வாடகை உயர்வுக்கான வரம்பு ஆகிய எதையும் அவர் கோர முடியாது. அடுப்பும் குளியலறையும் தனியாக உள்ள பேஸ்மென்ட்டுக்கும் பொதுவாக உள்ளதற்கும் இடையே மாதம் நூறு டொலர் வித்தியாசம் என்று மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டே அந்த நூறு டொலரை மிச்சம் பிடிக்கட்டும். எந்த வீடானாலும் வாடகையைக் கையில் காசாகக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்காமல் வருவது தவறு. உறவினரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குபவர்களுக்கு, வருமான வரி அறிக்கையோடு ஒன்ராறியோவின் சலுகைத் தொகைகளுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சீட்டு தேவைப்படும் என்பதே போதுமான காரணம்.

வருமான வரி அறிக்கையைப் பற்றி நிலவும் கருத்துத்தான் எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தருவது. "உழைப்பு இல்லை, ஆகவே வரி அறிக்கை தேவையில்லை" என்பார்கள். வரி கட்ட வேண்டியதில்லை என்பது சரி. அறிக்கை தேவையில்லை என்பது பிழை. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு பெற்றோரின் வருமானத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு யூலையிலும் முந்தைய ஆண்டின் அறிக்கையை வைத்து அது புதுப்பிக்கப்படுகிறது. கணவர் அறிக்கை கொடுத்து, வீட்டிலிருக்கும் மனைவி கொடுக்காமல் விட்டாலும் யூலையில் பணம் நின்றுவிடும். ஏப்ரல் 30 வழக்கமான இறுதி நாள். வந்த ஆண்டில் முதற்கொடுப்பனவைப் பெறுவதற்கு அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் வந்தவுடனே தனி விண்ணப்பம் அனுப்பலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு, வருவாய்த் திணைக்களத்தின் ஏற்பாட்டில் இயங்கும் தன்னார்வ முகாம்களில் அறிக்கையை இலவசமாகவே தயாரித்துத் தருகிறார்கள்.

சேமிக்கத் தொடங்குபவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. ரி.எவ்.எஸ்.ஏ. எனப்படும் வரியற்ற சேமிப்புக் கணக்கு 2009இல் தொடங்கப்பட்டது. தொடக்கம் முதல் தகுதி பெற்றிருந்தவருக்கு 2025 வரையான மொத்த வரம்பு 1,02,000 டொலர். 2025இல் வந்தவருக்கோ அந்த ஆண்டில் 7,000 டொலர் மட்டுமே இருந்தது. நீண்டகாலம் இங்கே வாழ்ந்த ஒருவர் தமக்குப் பொருந்தும் எண்ணைச் சொல்ல, ஊரில் காணி விற்ற பணத்தை இவர் அப்படியே போட்டுவிட்டால், வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மாதம் ஒரு வீதம் அபராத வரி ஏறிக்கொண்டே போகும்.

கடன் அட்டையே வேண்டாம் என்பது மூத்தவர்களின் மற்றொரு அறிவுரை. ஊரில் எவ்வளவு நாணயமாக வாழ்ந்திருந்தாலும் இங்கே கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் எக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய நிறுவனங்களின் பதிவில் புதியவர் வெற்றுத்தாள். சிறிய வரம்புள்ள ஓர் அட்டையை எடுத்து, மாதந்தோறும் முழுத் தொகையையும் உரிய நாளுக்குள் கட்டிவிட்டால் போதும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி நிம்மதி அடைபவர்கள் ஏறத்தாழ 20 வீத வட்டியை மறந்துவிடுகிறார்கள்.

தொழில் விடயத்தில் தவறு இரு பக்கமும் நடக்கிறது. குடிவரவு விண்ணப்பத்துக்காகச் செய்த கல்விச் சான்று மதிப்பீட்டைத் தொழில் உரிமமாகக் கருதிக்கொண்டு வருபவர்கள் ஒரு வகை. தாதியர், ஆசிரியர், பொறியியலாளர் போன்ற தொழில்களுக்கு மாகாண ஒழுங்குமுறை அமைப்பிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான வேலையை ஊரில் இருக்கும்போதே தொடங்கலாம், பல்கலைக்கழகத்திலிருந்து ஆவணம் எடுப்பது அங்கிருந்தால்தான் எளிது. மற்ற வகையினர், "கனேடிய அனுபவம் கேட்பார்கள், முயற்சி வீண்" என்று கேள்விப்பட்டு விண்ணப்பிக்காமலே தொழிற்சாலையில் பத்தாண்டைக் கழிப்பவர்கள். ஒன்ராறியோவின் பொறியியலாளர் அமைப்பு 2023 மே மாதத்தில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது.

இறுதியாக, படிவங்களை நிரப்பித் தரும் "தெரிந்த ஆள்" பற்றி ஒரு வார்த்தை. குடிவரவு விடயத்தில் பணம் பெற்று ஆலோசனை கூறக்கூடியவர்கள் சட்ட வல்லுநர் அமைப்புகளிலோ குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் "கல்லூரி" என்ற அமைப்பிலோ உறுப்புரிமை பெற்றவர்கள் மட்டுமே. ஒருவர் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதை இணையத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வருவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. அவர் வேலை அனுபவத்தைக் கூட்டி எழுதினாலும், ஒரு பிள்ளையின் பெயரை விட்டுவிட்டாலும், பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்திட்டவர்தான். தவறான தகவல் தந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால் ஐந்தாண்டுகளுக்கு நாட்டுக்குள் நுழையும் தகுதியை இழக்க நேரிடலாம். நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் மத்திய அரசின் நிதியில் இயங்கும் குடியேற்ற உதவி நிலையங்கள் இலவசமாகவே வழிகாட்டுகின்றன. ரொறன்ரோப் பகுதியில் தமிழிலேயே பேசி உதவி பெறக்கூடிய நிலையங்களும் உள்ளன.